ஜாவாவின் வயாங்: நிழலே பார்க்காமல் வானொலியில் கேட்டவர்கள் எதைக் கேட்டார்கள்?

பாய்மரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள யோக்யகர்த்தாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாண வீட்டில் முதல்முறையாக விடிய விடிய வயாங் கூலிட் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே இசை தெரிந்தவர்கள், வரலாறு படிப்பவர்கள், ஊடகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இருப்பதால் கேட்கலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காக: வயாங் கூலிட் என்பது எருமைத் தோலில் செதுக்கிய பாவைகளை ஒரு வெள்ளைத் திரையில் நிழல் விழும்படி ஆட்டும் கூத்து. பெரும்பாலும் மகாபாரதம், சில சமயம் ராமாயணம். ஆட்டுபவருக்கு தலாங் என்று பெயர். எல்லாப் பாத்திரங்களுக்கும் அவர் ஒருவரேதான் குரல். பின்னால் இருக்கும் கமெலான் இசைக்குழுவுக்குச் சைகை கொடுப்பதும் அவர்தான். இரவு 9 மணிக்குச் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் விடியும்வரை எழுவதில்லை.

நிழற்கூத்துதானே என்று நான் நிழல் விழும் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்தது நானும் தூங்கிப்போன நாலு குழந்தைகளும்தான். ஊர்சனம் மொத்தமும் மறுபக்கம், தலாங்கின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அதிலும் பாதிப் பேர் கூத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள், கண்ணயர்ந்தார்கள், நகைச்சுவைக் கட்டம் வந்தபோது எழுந்து சிரித்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அப்புறம் ஒரு சக ஊழியரிடம் பேசியபோது, தன் தாத்தா வயாங்கை வானொலியில்தான் கேட்பார் என்றார். இரவு முழுக்க! திரை இல்லை, பாவை இல்லை, நிழல் இல்லை. தேடிப் பார்த்தால் அது அவர் தாத்தாவின் தனிப் பழக்கம் இல்லை. 1933லேயே சுரகர்த்தாவில் மங்குநெகரா அரண்மனையின் ஆதரவோடு எஸ்.ஆர்.வி. என்ற வானொலிச் சங்கம் தொடங்கி ஜாவானியக் கலைகளை ஒலிபரப்பியிருக்கிறது. 1945ல் உருவான அரசு வானொலி ஆர்.ஆர்.ஐ. அதைத் தொடர்ந்து, வயாங்கை இரவு முழுவதும் ஒலிபரப்பியது. நிழலை எடுத்துவிட்டால் நிழற்கூத்தில் என்ன மிச்சம்? ஜாவாக்காரர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லையே, ஏன்?

நெய்தல் எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம் மட்டும். 'வயாங்' என்ற சொல்லே 'பாயாங்', அதாவது நிழல் என்ற சொல்லோடு தொடர்புடையது என்றுதான் படித்திருக்கிறேன். நிழல் முக்கியமே இல்லை என்றால் அந்தப் பெயர் எப்படி வரும்? நீங்கள் பார்த்தது இன்றைய நிலை. முன்பு எல்லாரும் நிழல் பக்கம் உட்கார்ந்திருக்கலாம் இல்லையா?

பாய்மரம் எழுதியது:

நெய்தல், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இதற்கு விடை வீட்டுக் கட்டுமானத்தில் இருக்கிறது. மரபான ஜாவானியப் பெரிய வீட்டில் முன்னால் சுவரில்லாத மண்டபம், பெண்டொப்போ. உள்ளே குடும்பம் வாழும் பகுதி, டலெம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கே 'பிரிங்கித்தான்' என்று பெயர். வயாங்கை மரியாதையாகச் சொல்லும் சொல் 'ரிங்கித்'. அதாவது வயாங் நடக்கும் இடம். திரை அங்கேதான் கட்டப்படும். வீட்டுக்காரர்களும் பெண்களும் நெருங்கிய விருந்தினரும் உள்பக்கம் இருந்து நிழலைப் பார்ப்பார்கள். வெளியே கூடும் மற்றவர்கள் தலாங்கையும் வண்ணம் தீட்டிய பாவைகளையும் பார்ப்பார்கள்.

ஆக, எந்தப் பக்கம் உட்காருவது என்பது அந்த வீட்டுக்கு நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது, உங்கள் ரசனையைப் பொறுத்தது இல்லை. தெரியாமல் நான் போய் உட்கார்ந்தது ஒரு காலத்தில் குடும்பத்தாருக்கு உரிய பக்கம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் கொடுத்தார்கள். இப்போது நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

விளக்கு மாறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு பிளெஞ்சொங் என்ற எண்ணெய் விளக்கு. சுடர் அசையும்போது நிழலும் மூச்சுவிடுவது போல அசையும். இன்று மின்விளக்கு. நிழல் கூர்மையாக, அசையாமல் நிற்கிறது. மறுபக்கம்தான் உயிர் இருக்கிறது என்று மக்கள் நகர்ந்ததில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

வானொலிக் கேள்விக்கு இசைப் பக்கமிருந்து வருகிறேன். சில வருடங்கள் கமெலான் கற்றேன். என் அனுபவத்தில் வயாங் முதலில் காதுக்கானது.

ஓர் இரவு மூன்று பகுதியாகப் பிரிக்கப்படுகிறது: பாதெட் நெம், பாதெட் சங்கா, பாதெட் மன்யுரா. ஏறக்குறைய 9 மணியிலிருந்து நள்ளிரவு, நள்ளிரவிலிருந்து 3 மணி, 3 மணியிலிருந்து விடியல். ஒவ்வொன்றிலும் எந்த ஸ்வரம் ஓய்வு தருகிறது, எது பதற்றம் தருகிறது என்பது மாறும். நமக்குப் புரியும்படி சொன்னால் ராகத்துக்கு வேளை உண்டு என்பதற்கு நெருக்கமான ஒன்று, ஆனால் அதுவே இல்லை. பழகிய காதுக்குக் கடிகாரமே வேண்டாம். பக்கத்து வீட்டு வானொலியில் இசை மாறினால் நள்ளிரவு தாண்டிவிட்டது என்று தெரியும்.

படத்துக்கு ஈடாக ஒலி என்னென்ன செய்கிறது பாருங்கள். தலாங்கின் இடது பக்கம் மரப்பெட்டி. கையில் செம்பலா என்ற மரத்துண்டு. அதனால் பெட்டியைத் தட்டும் விதத்திலேயே பேச்சு முடிந்ததா, இசை தொடங்க வேண்டுமா, ஆள் மாறுகிறாரா என்று குழுவுக்கும் கேட்பவருக்கும் சேதி போகிறது. பாதத்தால் உலோகத் தகடுகளைத் தட்டினால் அங்கே சண்டை. அர்ஜுனனின் குரல் மெல்லியது, கிட்டத்தட்ட ஒரே சுருதியில் போகும். பீமன் குரல் அடிவயிற்றிலிருந்து. கண்ணை மூடினாலும் யார் பேசுகிறார் என்று தெரியும். நார்தோசப்தோ (1925–1985) என்ற பெரிய தலாங்கின் ஒலிநாடாக்கள் 1970களிலிருந்து ஜாவா முழுக்கப் பரவின. ஒரு கதைக்கு ஏழெட்டு நாடாக்கள். அவரைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டுமே அறிந்தவர்கள் ஏராளம்.

இன்னொரு செய்தி. 1937 ஜனவரியில் நெதர்லாந்து இளவரசி யூலியானாவின் திருமணத்தை ஒட்டி, மங்குநெகரா இளவரசி குஸ்தி நூருல் தி ஹேக் நகரில் நடனமாடினார். இசைக்குழு கூடப் போகவில்லை. சுரகர்த்தாவில் வாசித்த கமெலான் வானொலி அலையில் கடல் கடந்து வந்தது, அவர் அதற்கு ஆடினார். அப்போது அவருக்குப் பதினைந்து பதினாறு வயதுதான். இதைப் படித்த நாளிலிருந்து, ஊடகம் என்றால் மரபுக்கு எதிரி என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறார்.

மெய்ப்பொருள் எழுதியது:

உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இழை கொஞ்சம் இனிப்பாகப் போகிறது, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

ஊடகம் வயாங்கைச் சும்மா ஏற்றிச் செல்லவில்லை, அரித்திருக்கிறது. லிம்புக்கான் என்ற கட்டம் தெரியுமா? லிம்புக் என்ற பெண்ணும் அவள் தாய் சாங்கிக்கும் அரண்மனைப் பணிப்பெண்கள். முன்பு இருவரும் சிறிது பேசிவிட்டுப் போவார்கள். இப்போது அது ஒரு மணி நேரத்தையும் தாண்டுகிறது. பாடகிகள் முன்வரிசைக்கு வருகிறார்கள், சிரிப்பு நடிகர்கள் மேடையேறுகிறார்கள், நேயர் விருப்பம் போல டங்டுட் என்ற ஜனரஞ்சகப் பாட்டு. மனு கொடுக்க வந்தவர் போல உள்ளூர் அரசியல்வாதி பேசுகிறார். கதை நடுவில் நின்றுபோகிறது. பாடகிகள் முன்பு திரையைப் பார்த்து உட்கார்ந்தவர்கள், இப்போது கேமராவைப் பார்த்து உட்காருகிறார்கள்.

அரசியலையும் மறக்க வேண்டாம். 1965–66ல் இடதுசாரிகளுக்கு எதிராக நடந்த வன்முறையில் இடதுசாரிக் கலை அமைப்பான லெக்ராவோடு தொடர்புள்ள கலைஞர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், சிறைப்பட்டார்கள். தலாங்குகளும் அதில் அடக்கம். அதன்பின் வந்த சுகார்த்தோ அரசு மிஞ்சியவர்களை அழைத்துக் குடும்பக் கட்டுப்பாட்டையும் வளர்ச்சித் திட்டங்களையும் பாவைகள் வாயால் பேச வைத்தது. சுகார்த்தோ அதிகாரத்தைக் கைப்பற்ற உதவிய 1966 மார்ச் 11 ஆணைக்கே 'சூப்பர்செமார்' என்று பெயர். வயாங்கின் மிக மதிப்புக்குரிய கோமாளி செமாரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதை யாராவது தற்செயல் என்பார்களா? வானொலியில் அந்தத் தாத்தா கேட்டது வெறும் பாதெட் மன்யுராவை மட்டும் இல்லை.

சுருதிப்பெட்டி எழுதியது:

சார், 1965 பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக் கூட மறுக்க மாட்டேன். அதைச் சொல்லாமல் வயாங் பற்றிப் பேசவே கூடாது.

ஆனால் லிம்புக்கான் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. இன்று தூய மரபின் அடையாளமாகக் கொண்டாடும் நார்தோசப்தோவையே அவர் காலத்தில் மரபைக் கெடுக்கிறார் என்றார்கள். நகைச்சுவையைக் கூட்டினார், புதுப் பாட்டுகளை நுழைத்தார் என்று குற்றச்சாட்டு. இன்று அந்தப் பாட்டுகள்தான் மரபு. மந்தெப் சுதர்சோனோ (1948–2021) டிரம்ஸையும் ஊதுகருவிகளையும் கமெலானோடு சேர்த்தார், பாவைகளைச் சண்டைப்பட வேகத்தில் சுழற்றினார். தலைவலி மாத்திரை விளம்பரத்தில் கூட நடித்தார். அவரை 'தலாங் செத்தான்', பேய்த்தனமான தலாங் என்று அன்போடு அழைத்தார்கள். அவரேதான் 2004ல் செமாராங்கில் 24 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஆட்டியவர். இவரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

எனக்குத் தோன்றுவது: வானொலி குரலை எடுத்துக்கொண்டது, ஆகவே நார்தோசப்தோ பெரிய ஆள். தொலைக்காட்சி கையசைவை எடுத்துக்கொண்டது, ஆகவே மந்தெப் பெரிய ஆள். ஒவ்வொரு கருவியும் வயாங்கிலிருந்து தனக்கு வேண்டிய ஓர் உறுப்பைப் பெரிதாக்கியது.

அகில்விழி எழுதியது:

நான் பாலியில் டென்பசாரில் இருக்கிறேன். பாய்மரத்தின் முதல் கேள்விக்கு இங்கே நேரடியான பதில் ஒன்று உண்டு. அதை யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாலியில் 'வயாங் லெமா' என்று ஒன்று இருக்கிறது. பட்டப்பகலில் நடப்பது. திரையே கிடையாது. இரண்டு கிளைகளை நட்டு இடையில் வெள்ளை நூல் கட்டியிருப்பார்கள், பாவைகள் அதில் சாய்ந்து நிற்கும். கோவில் சடங்கில் பூசாரி மந்திரம் சொல்லி மணி அடிக்கும் அதே நேரத்தில் தலாங் தன் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். பெண்கள் படையல் தட்டுகளோடு குறுக்கே நடப்பார்கள். பல சமயம் ஒரு மனிதர் கூட உட்கார்ந்து பார்க்க மாட்டார். கேட்டால், பார்ப்பது தெய்வங்கள் என்பார்கள்.

நிழல் இல்லை, பார்வையாளர் இல்லை, ஆனாலும் அது வயாங்தான். அது நடக்காவிட்டால் சடங்கு முடிந்ததாக ஆகாது. 'பார்ப்பதற்கான காட்சி' என்ற இடத்திலிருந்து தொடங்கினால் இது புரியவே புரியாது. கலை ஆய்வாளர் மட்டும் வந்தால் பாவையின் அழகை எழுதிவிட்டுப் போவார், சமய ஆய்வாளர் மட்டும் வந்தால் மந்திரத்தை எழுதிவிட்டுப் போவார். இரண்டும் ஒரே முற்றத்தில் ஒரே நிமிடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒலிக்கிறது என்பதை எழுத இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

கேமரா விஷயமும் புதிது இல்லை. 1930களின் பிற்பகுதியில் மானுடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் பாலியில் இருபத்தைந்தாயிரம் வாக்கில் புகைப்படங்கள் எடுத்தார்கள், படச்சுருளும் ஓட்டினார்கள். மருள் வந்து ஆடும் கிரிஸ் கத்தி நடனத்தை அவர்கள் படம்பிடித்தபோது வெளிச்சத்துக்காக அது பகலில் நடத்தப்பட்டது. சடங்கு அன்றைக்கே கேமராவுக்காக நேரம் மாற்றிக்கொண்டது. எனவே 'ஊடகம் வருவதற்கு முந்தைய தூய பாலி' என்று நாம் பார்க்கும் படங்களே ஊடகம் வந்ததால் கிடைத்தவைதான்.

இன்னொரு பக்கம் ஞெப்பி. பாலியின் சக ஆண்டுப் பிறப்பு நாள். நெருப்பு கூடாது, வேலை கூடாது, பயணம் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையம் 24 மணி நேரம் மூடும். தொலைக்காட்சியும் வானொலியும் நிற்கும். 2018லிருந்து கைபேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். முந்தின மாலை ராட்சத ஒகோ-ஒகோ பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஆடும், அத்தனையும் காணொளியாக இணையத்தில் ஏறும். மறுநாள் காலை 6 மணிக்கு எல்லாம் அடங்கிவிடும். இணையம் நின்ற முதல் மணி நேரம் கை தன்னால் கைபேசியைத் தேடும். இரவில் மொட்டை மாடியில் நின்றால் டென்பசார் நகரத்தின் நடுவிலிருந்து வானம் நிறைய நட்சத்திரம் தெரியும். கேளிக்கை கூடாது என்ற பழைய விதி இணையத்தையும் தனக்குள் சேர்த்துக்கொண்டதே, அதுவும் ஊடக வரலாறுதான் என்று நினைக்கிறேன்.

நெய்தல் எழுதியது:

அக்கா, வயாங் லெமா பற்றி இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. பெயரில் நிழல் இருப்பதால் உள்ளேயும் நிழல்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

இதோடு ஒட்டி ஒன்று. ஜாவாவில் 'ருவாத்தான்' என்ற தோஷ நிவர்த்தி வயாங் இருக்கிறதாமே? அதை நேரலையில் பார்த்தால் பலன் உண்டா என்று யாராவது அங்கே கேட்பதுண்டா?

பாய்மரம் எழுதியது:

கேட்கிறார்கள். நானும் கேட்டேன்.

ருவாத்தானில் ஆடும் கதை 'முர்வகாலா'. பத்தாரா குருவின், அதாவது சிவனின், தவறி விழுந்த வித்திலிருந்து கடலில் பிறந்தவன் பத்தாரா காலா. பசியோடு வருகிறான். சில வகை மனிதர்களைத் தின்ன அவனுக்கு அனுமதி கிடைக்கிறது. ஒற்றைப் பிள்ளை, இரண்டே மகன்கள், ஐந்தும் ஆண்கள் என்று பட்டியல் நீளும். சோறு வேகும் பானையைக் கவிழ்த்தவர்கள் கூட அதில் உண்டு! இவர்களைக் காப்பாற்ற விஷ்ணு ஒரு தலாங்காக வேடமிட்டு வருகிறார். காலாவின் நெற்றியில் எழுதியிருக்கும் எழுத்துகளை அவர் வாசித்துவிடுகிறார். வாசித்த மாத்திரத்தில் காலா அடங்கிப் போகிறான்.

இங்கே கவனியுங்கள். கதைக்குள் விஷ்ணு தலாங் ஆகிறார். திரைக்கு முன்னால் உண்மையான தலாங் அதே எழுத்துகளை வாசிக்கிறார். அந்த நேரத்தில் அது கதை சொல்வது இல்லை, செயல். அதனால்தான் எந்தத் தலாங்கும் இதைச் செய்துவிட முடியாது. வயதும் தலாங் பரம்பரையும் வேண்டும். முடிவில் பிள்ளைக்குப் பூநீராட்டு, ஒரு கொத்து முடி வெட்டி ஆற்றிலோ கடலிலோ விடுவது.

நான் கேட்ட பெரியவர் சொன்னதன் சாரம் இது: பார்ப்பது யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் பார்க்கலாம், ஆனால் முடி இங்கே இருக்க வேண்டும். என் மண்டையில் பல நாள் குழம்பியதை அவர் ஒரு வரியில் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கல்வெட்டுக்காரன் எழுதியது:

இது நம் தோல்பாவைக் கூத்திலிருந்து போனதா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தோற்றம் பற்றிப் பல கருத்துகள் உண்டு, முடிந்த முடிவு இல்லை. கதைகள் இந்தியாவிலிருந்து போனவை. ஆனால் செமார், காரெங், பெத்ருக், பகோங் என்ற நான்கு பணியாளர்கள் நம் பாரதத்தில் கிடையாது. ஸ்ரீகண்டி (நம் சிகண்டி) அங்கே வில்லெடுத்த பெண், அர்ஜுனன் மனைவி. ஜாவானிய மரபில் திரௌபதிக்குத் தருமன் ஒருவர்தான் கணவர்.

சான்று பழையது. மன்னர் பாலிதுங் காலத்து 907ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, ஒருவர் தெய்வத்துக்காக வயாங் ஆடினார், பீமன் கதை சொன்னார் என்கிறது. 'தெய்வத்துக்காக' என்ற சொல்லைப் பாருங்கள். அகில்விழி சொன்ன வயாங் லெமாவுக்கு ஆயிரத்து நூறு ஆண்டு முன்னோடி. பதினோராம் நூற்றாண்டில் ஐர்லங்கா மன்னர் காலத்தில் ம்பு கன்வா எழுதிய அர்ஜுனவிவாகத்தில், வெறும் செதுக்கிய தோல் என்று தெரிந்தும் பாவையைப் பார்த்து மக்கள் அழுவதாக ஓர் இடம் வருகிறது. அப்போதும் கடவுளுக்கானதும் மனிதனுக்கானதும் இரண்டும் இருந்திருக்கின்றன.

மெய்ப்பொருள் எழுதியது:

ருவாத்தான் விளக்கம் என் நிலையைக் கொஞ்சம் நகர்த்தியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண வயாங்கில் அந்த 'முடி' எது? ஊர் கூடி உட்கார்ந்திருப்பதுதானே? பக்கத்து வீட்டுக்காரர் சோறு போட, நாம் கூட விழித்திருக்கிறோம். மானுடவியலாளர் க்ளிஃபர்ட் கீர்ட்ஸ் 1950களில் கிழக்கு ஜாவாவில் தங்கி 'ஸ்லமெத்தான்' என்ற ஊர்விருந்தைத்தான் ஜாவானியச் சமயத்தின் நடுவில் வைத்தார். அந்த விருந்து யூடியூபில் வராது.

அதோடு இணையத்தின் இன்னொரு முகத்தையும் பாருங்கள். 2022 பிப்ரவரியில் ஒரு மதபோதகரின் பேச்சுத் துண்டு, வயாங்கைக் கைவிடுவது நல்லது என்ற பொருளில், எங்கும் பரவியது. கடும் எதிர்ப்பு வந்தது, அவர் விளக்கம் சொல்லி மன்னிப்பும் கேட்டார். ஜாவாவில் இஸ்லாம் பரவியதே சுனான் கலிஜகா என்ற இஸ்லாமிய ஞானி வயாங்கைக் கருவியாக எடுத்துக்கொண்டதால்தான் என்று காலங்காலமாகச் சொல்லும் மக்கள் அவர்கள். அந்தச் சண்டை முழுக்க நடந்தது கைபேசிகளில்.

பாய்மரம் எழுதியது:

மெய்ப்பொருள் சார், நீங்கள் சொன்ன இடத்தில்தான் நானும் வந்து நிற்கிறேன். கூட விழித்திருப்பதுதான் வயாங்கின் மையம் என்றால், வானொலிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. தாத்தா தனியாகக் கேட்கவில்லை. தெருவோரச் சாப்பாட்டுக் கடையில், காவல் கொட்டகையில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் அதே குரல், அதே நேரத்தில், அதே பாதெட். ஒரு வட்டாரமே ஒன்றாக விழித்திருந்திருக்கிறது.

அதனால்தான் சுருக்கிய வயாங்கை விட முழு இரவு நேரலை யூடியூபில் ஓடுகிறது. யோக்யகர்த்தாவின் செனோ நுக்ரோஹோ (1972–2020) இதற்குச் சரியான சாட்சி. அவர் ஊரூராக ஆட்டியதை எல்லாம் நேரலையில் விட்டார்கள். கொரோனாவில் எல்லா நிகழ்ச்சியும் நின்றபோது வீட்டிலிருந்தே சின்னக் குழுவோடு 'வயாங் க்ளிமென்' என்று தொடங்கினார். க்ளிமென் என்றால் சிறிய அளவில், எளிமையாக. நேயர்கள் பணம் அனுப்பினார்கள், வெளிநாட்டில் வேலை செய்பவர்களும் அனுப்பினார்கள். அந்தப் பணம் கலைஞர் வீடுகளில் அடுப்பெரிய உதவியது. அந்த நவம்பரிலேயே 48 வயதில் அவர் இறந்துபோனார். என் சக ஊழியர் அதைச் சொல்லும்போது உறவினர் இறந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அவர் செனோவை ஒரு தடவை கூட நேரில் பார்த்ததில்லை.

விருந்து யூடியூபில் வராதுதான். ஆனால் அரட்டைப் பெட்டியில் ஆட்கள் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? எந்த ஊரிலிருந்து பார்க்கிறேன், காப்பி போட்டுவிட்டேன், இரவு வேலையில் இருக்கிறேன். கதையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

நெய்தல் எழுதியது:

பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. மொழி தெரியாமல் எங்கிருந்து தொடங்குவது?

பாய்மரம் எழுதியது:

சனிக்கிழமை இரவுகளில் நேரலை கிடைக்கும். இங்கே 9 மணி என்றால் நம் ஊரில் மாலை 7.30. முதல் பகுதி அரசவைப் பேச்சு, பழைய ஜாவானியச் சொற்கள், இங்குள்ள இளைஞர்களுக்கே பாதி புரியாது. நம் ஊர் நேரப்படி இரவு 10.30 வாக்கில் காரா-காரா என்ற கட்டம் வரும். உலகம் நிலைகுலைவதாகத் தலாங் வருணிப்பார், பின் பணியாளர்கள் ஒவ்வொருவராகத் திரையில் ஏறுவார்கள். அங்கே தொடங்குங்கள். ஒலிபெருக்கியில் போடுங்கள், காதில் செருகாதீர்கள்.

நெய்தல் எழுதியது:

நேற்று போட்டேன். அம்மா தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்தார். பீமனை நகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்! குண்டாக, வெள்ளை முகத்தோடு வருபவர் யார் என்று கேட்டார், செமார் என்றேன். அப்புறம் நான் தூங்கிவிட்டேன். விடிகாலை நாலரைக்கு எழுந்தால் அம்மா இன்னும் உட்கார்ந்திருக்கிறார், நேரலை முடிந்து திரை கறுப்பாக இருக்கிறது. கடைசியில் மரம் மாதிரி ஒன்றை நடுவில் நட்டுவிட்டு எல்லாரும் எழுந்து போனார்களாம், அது என்ன என்கிறார்.

சுருதிப்பெட்டி எழுதியது:

அது கயோன். அதை நட்டால் அன்றைய இரவு முடிந்தது என்று பொருள். ஆரம்பத்திலும் அது அதே இடத்தில்தான் நின்றிருக்கும், அம்மாவிடம் சொல்லுங்கள்.